ஓடினா மூச்சு வாங்குதா? முகமெல்லாம் பருவா? சங்கதி சாப்பாட்டு தட்டுல இருக்கு!

சென்னை,

விடிந்தும் விடியாத 5 மணிக்கே சென்னை மைதானங்கள் களைகட்டி விடுகின்றன. மெரினா மணலில் ஒரு கூட்டம் ஓடுகிறது. வியாசர்பாடியில் கால்பந்து, கண்ணகி நகரில் கபடி. வேர்க்க விறுவிறுக்க ஓடும் வாலிபர்கள், இளம்பெண்களில் பலருக்கு ஒரே கனவுதான். போலீஸ் வேலை. இல்லாவிட்டால் ராணுவம். அதுவும் இல்லையென்றால் விளையாட்டு கோட்டாவில் ஒரு காலேஜ் சீட்.

கனவு நடக்காதது அல்ல. கண்ணகி நகர் கார்த்திகா 2025-ம் ஆண்டு பக்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டு போட்டியில் தங்கம் வென்ற இந்திய பெண்கள் கபடி அணியில் ஆடியவர். மதுரை அருகே பாட்டியிடம் வளர்ந்து, வெறும் காலில் ஓடிப் பழகிய ரேவதி வீரமணி, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார்.

ஆனால் பயிற்சிக்கு வரும் பல பேருடைய நிலைமை வேறு. காலையில் ஒரு டீ, ஒரு பன். ஓட்டம் முடிந்ததும் இன்னொரு டீ. மதியம் வரை வயிறு காலி. ராத்திரி பரோட்டா. ஓடினால் இரண்டாவது ரவுண்டிலேயே மூச்சு வாங்குகிறது. கண்ணாடியை பார்த்தால் முகமெல்லாம் பரு. உதட்டு ஓரம் வெடிப்பு. தலை சீவினால் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி.

உடனே மூச்சு வாங்குவதற்கு ஜிம்மில் ஒரு பவுடர். பருவுக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு கிரீம். இரண்டுக்கும் காசு கொட்டுகிறார்கள். இரண்டு பிரச்சினைக்கும் சாப்பாட்டு தட்டிலும் ஒரு காரணம் இருக்கலாம் என்பது பலருக்கு தெரிவதில்லை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

7 நிமிட கணக்கு

இரண்டாம் நிலை காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். 400 மீட்டர் டிராக்கில் 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் ரவுண்டு. அதாவது ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 52 வினாடி. ஒன்றும் உலக சாதனை வேகம் இல்லை. ஆரோக்கியமான வாலிபர் ஒழுங்காக பயிற்சி எடுத்தால் எட்டிப் பிடிக்கக்கூடியதுதான்.

அப்படியும் கோட்டை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலில் பலம் இருக்கும். மனசில் வெறியும் இருக்கும். ஆனால் ரத்தத்தில் சரக்கு இருக்காது.

நாம் இழுக்கும் மூச்சில் இருக்கிற ஆக்சிஜனை தசைக்கு கொண்டுபோய் சேர்ப்பது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அதை செய்ய இரும்பு வேண்டும். ஒரு மனிதனின் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பே 3 அல்லது 4 கிராம்தான். ஒரு சின்ன ஆணி எடை. அந்த ஆணி கொஞ்சம் தேய்ந்தாலே வண்டி இழுக்காது. லாரி ரெடி, டிரைவர் ரெடி, ஆனால் லோடு ஏற்ற கூலி ஆள் பாதி பேர் லீவு என்றால் எப்படி இருக்கும்? அதேதான்.

வயது வந்த ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13-க்கு மேலும், பெண்களுக்கு 12-க்கு மேலும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது குறைவு என்று 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. பாதிப்பேருக்கு மேல் என்றால், ஒரு பெண்கள் கபடி அணியில் களத்தில் நிற்கிற 7 பேரில் 4 பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரத்தம் குறைந்தால் முதலில் அடிவாங்குவது ஓட்டம். அடுத்து தோல். முகம் வெளிறும். கண்ணின் கீழ் இமையை இழுத்து பார்த்தால் சிவப்பு இருக்காது. முடி கொட்டும். நகம் மெலிந்து, சில பேருக்கு கரண்டி மாதிரி குழிந்துவிடும். "அவளுக்கு கலரே அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டு இருப்பார்கள். கலர் இல்லை, ரத்த சோகை.

டீ தான் வில்லன்

இரும்புச்சத்துக்கு எங்கேயும் அலைய வேண்டியதில்லை. கறிக்கடையில் ஆட்டு ஈரல், சுவரொட்டி, ரத்தம். மீன், கருவாடு. சைவத்தில் கம்பு, கீரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, எள்ளு. பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்பி சாறு பிழிந்து குடிப்பவர்கள் ஏராளம். உண்மையில் பீட்ரூட்டில் இரும்பு கம்மி. நிறத்தை பார்த்து ஏமாறுவதற்கு அதுவே நல்ல உதாரணம்.

கறி, மீனில் இருக்கும் இரும்பை உடம்பு சுலபமாக இழுத்துக்கொள்ளும். தானியம், கீரை, பயறில் இருக்கும் இரும்பு அப்படி இல்லை. அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால் இந்த வகை இரும்பு உடம்பில் சேருவது பாதிக்கும் மேல் குறைந்துவிடலாம். டீயில் உள்ள துவர்ப்பு சத்து இரும்பை பிடித்து வைத்துக்கொண்டு விடாது. டிபன் முடித்த கையோடு டீ குடிக்கிற பழக்கம் சென்னையில் எல்லா தொழிலாளிக்கும் உண்டு. டீயை நிறுத்து என்றால் யார் கேட்பார்கள்? நிறுத்த வேண்டாம். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்.

டீ கெடுப்பதை சரிசெய்ய ஒரு நண்பனும் உண்டு. வைட்டமின் சி. கீரையில் எலுமிச்சை பிழிவது, சுண்டலோடு ஒரு நெல்லிக்காய் கடிப்பது, சாப்பிட்டு முடித்ததும் ஒரு கொய்யா. ஆரஞ்சை விட கொய்யாவில் வைட்டமின் சி பல மடங்கு அதிகம். விலையோ குறைவு. வாட்ச்மேன் முதல் வாத்தியார் வரை எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு போகும்போது நோயாளிக்கு ஆரஞ்சு வாங்கிப் போகிறார்கள். வாசலில் கூடையில் கொய்யா சும்மா கிடக்கிறது.

பயறை முளைகட்டி சாப்பிடுவதும், மாவை புளிக்கவைத்து இட்லி ஊற்றுவதும் நம் பாட்டிமார்கள் சும்மா கண்டுபிடித்தது இல்லை. தானியத்தில் இரும்பை கட்டிப்போடும் ஒரு அமிலம் இருக்கிறது. முளைக்கும்போதும் புளிக்கும்போதும் அது குறைகிறது.

ஒரு விஷயம் முக்கியம். ரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். இன்றைக்கு ஈரல் சாப்பிட்டு நாளைக்கு ஓட்டத்தில் பாய முடியாது. தேர்வு தேதி அறிவித்த பிறகு ஆரம்பித்தால் லேட். மாற்றம் தெரியவே சில வாரங்கள் ஆகும். தீர்ந்துபோன இருப்பு நிரம்ப சில மாதங்கள் பிடிக்கும்.

பல்பம் தின்னும் பொண்ணு

சில இளம்பெண்கள் பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பார்கள். சிலர் சிலேட்டு பல்பம், சாம்பல், செங்கல் தூள் என்று ரகசியமாக தின்பார்கள். "கெட்ட பழக்கம்" என்று அம்மா முதுகில் ஒன்று வைப்பார். அடிக்கிற விஷயம் இல்லை இது. இரும்புச்சத்து குறைவுக்கு இது ஒரு முக்கியமான அறிகுறி. ரத்தம் தேறினால் பல பேருக்கு அந்த ஆசை தானாகவே ஓடிப்போகும்.

அரசு பள்ளிகளில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். அது எத்தனை மாத்திரை வயிற்றுக்குள் போகிறது, எத்தனை ஜன்னல் வழியாக போகிறது என்பது பிள்ளைகளுக்குத்தான் தெரியும். மாத்திரை போட்டால் மலம் கருப்பாக போகிறது, குமட்டுகிறது என்று பயப்படுகிறார்கள். கருப்பாக போவதால் ஆபத்து ஒன்றும் கிடையாது. வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். டீ, பாலோடு மட்டும் போடக்கூடாது.

வெறும் காலில் மண்ணில் ஓடுபவர்களுக்கு இன்னொரு திருடன் உண்டு. கொக்கிப்புழு. அசுத்தமான மண்ணில் இருந்து கால் தோலை துளைத்துக்கொண்டு உள்ளே போய், குடலில் உட்கார்ந்து ரத்தம் உறிஞ்சும். என்ன சாப்பிட்டாலும் ரத்தம் ஏறவில்லை என்றால் இதையும் சந்தேகப்பட வேண்டும். பள்ளிகளில் பிப்ரவரி, ஆகஸ்டு மாதங்களில் தரும் பூச்சி மாத்திரை இதற்குத்தான்.

வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. குழம்பில் மீன் துண்டு முதலில் அப்பாவுக்கு, அப்புறம் அண்ணனுக்கு. கடைசியாக சாப்பிடும் அம்மாவுக்கும் பொண்ணுக்கும் குழம்பு மட்டும். மாதாமாதம் ரத்தம் இழப்பது யார்? அவர்கள்தான். காலையில் போய் கபடி ஆடுவதும் அந்த பொண்ணுதான்.

உடம்பு இளைக்க வேண்டும் என்று சாப்பாட்டை குறைத்துக்கொண்டு கடும் பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதும் உண்டு. "ஓடுறதால அப்படித்தான்" என்று கோச்சும் சொல்வார், தோழியும் சொல்வார். தப்பு. உடம்பு போதுமான தீனி கிடைக்காமல் ஒவ்வொரு பிரிவாக ஷட்டரை இழுத்து மூடுகிறது என்று அர்த்தம். அடுத்து எலும்பு பலம் இழக்கும். லேசான ஓட்டத்திலேயே எலும்பில் கீறல் விழும். 3 மாதம் வராவிட்டால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

டப்பா பவுடர் தேவையா?

இப்போது ஜிம்முக்கு போவோம். சேர்ந்த முதல் வாரத்திலேயே பெரிய டப்பா ஒன்றை வாங்க வைத்துவிடுகிறார்கள். சில ஆயிரம் ரூபாய். ஆட்டோ ஓட்டும் அப்பாவின் ஒரு வார வருமானம். அது இல்லாமல் உடம்பு ஏறவே ஏறாது என்று சொல்கிறார்கள். நிஜமா?

கணக்கு போட்டு பார்க்கலாம். சாதாரண மனிதனுக்கு ஒரு கிலோ எடைக்கு தினமும் சுமார் 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில். கடுமையாக பயிற்சி செய்பவர்களுக்கு கூடுதலாக வேண்டும். கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ள வாலிபருக்கு தினமும் 72 முதல் 96 கிராம் வரை தேவை.

ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி வடித்து சாப்பிட்டாலே அதில் சுமார் 20 கிராம் புரதம் வந்துவிடும். அரிசியில் புரதமே இல்லை என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். 2 முட்டையில் 12 கிராம். ஒரு கைப்பிடிக்கு கொஞ்சம் கூட, 50 கிராம் வேர்க்கடலையில் 12 கிராம். 50 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்து சுண்டல் செய்தால் 10 கிராம். சாம்பாருக்கு 50 கிராம் பருப்பு என்றால் 11 கிராம். பாலும் தயிருமாக 300 மில்லி, 10 கிராம். கூட்டிப்பார்த்தால் 75 வந்துவிட்டது. என்றைக்காவது 100 கிராம் மத்தி மீனோ கோழியோ சேர்ந்தால் இன்னும் 20. முடிந்தது கதை.

ஒரு கரண்டி பவுடரில் 24, 25 கிராம் புரதம் என்று டப்பாவில் போட்டிருக்கும். போட்டிருப்பது உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 2024-ல் கேரள டாக்டர்கள் தலைமையிலான குழு, இந்தியாவில் விற்கும் 36 புரத பவுடர்களை லேபில் சோதித்து வெளியிட்ட ஆய்வில், சுமார் 70 சதவீத டப்பாக்களில் புரத அளவு எழுதியிருந்தபடி இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும், பூச்சிமருந்தும் இருந்தன. அதே ஆண்டு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், உடம்பை ஏற்ற புரத பவுடரை தவிர்க்கும்படி சொன்னது.

தேவைக்கு மேல் சாப்பிடும் புரதம் தசையாக மாறாது. எரிந்துபோகும், இல்லாவிட்டால் கொழுப்பாக சேரும். கழிவை வெளியேற்ற சிறுநீரகம் கூடுதலாக வேலை பார்க்க வேண்டும். ஏற்கனவே சிறுநீரக கோளாறு இருந்து அது தெரியாமல் இருப்பவர்களுக்கு இது விபரீதம்.

ஊசி போட்டவன் முதுகு

பவுடரை விட மோசம் அடுத்த கட்டம். "3 மாசத்துல சிக்ஸ் பேக்" என்று ஆசை காட்டி போடப்படும் ஊசி. அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. ஆண்மை ஹார்மோனை ஒத்த மருந்து. தசை ஏறும், உண்மை. ஆனால் கூடவே தோலின் எண்ணெய் சுரப்பிகள் வெறிபிடித்த மாதிரி வேலை செய்யும். முதுகு, தோள், மார்பு முழுக்க பெரிய பெரிய கொப்பளமாக பரு கிளம்பும். திடீரென்று உடம்பு ஏறி, திடீரென்று முதுகெல்லாம் பரு வந்த வாலிபரை பார்த்தாலே தோல் டாக்டர்களுக்கு சந்தேகம் வந்துவிடும்.

அதோடு நிற்காது. முன்மண்டை வழுக்கை விழும். ஆண்களுக்கு மார்பு பெண்களைப்போல் பெருக்கும். விரை சுருங்கி குழந்தை பாக்கியமே கேள்விக்குறியாகும். இதயம், ஈரல் இரண்டும் கெடும். விளையாட்டு வீரராக இருந்தால் ஊக்கமருந்து சோதனையில் சிக்கி பல ஆண்டு தடை. "எனக்கு தெரியாது, டப்பாவுல கலந்திருந்தது" என்று சொன்னாலும் தப்ப முடியாது. உடம்புக்குள் போனதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் சட்டம்.

பருவுக்கு யார் காரணம்?

பவுடரும் ஊசியும் தொடாதவர்களுக்கும் பரு வருகிறதே? முதல் காரணம் பருவ வயது ஹார்மோன். அப்பா, அம்மாவுக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். "உடம்பு சூடு" என்று வெந்தயத்தை ஊறவைத்து குடிப்பதால் தீமை இல்லை, ஆனால் பருவுக்கு அது பதில் சொல்லாது.

எண்ணெய் பலகாரம் சாப்பிட்டால் அந்த எண்ணெய் முகத்தில் வடிகிறது என்பதும் கதை. ஆனால் சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர்கள் முன்பு சொல்லி வந்ததும் இப்போது மாறிவிட்டது.

பப்புவா நியூ கினியா நாட்டில் கிட்டாவா என்று ஒரு தீவு. அங்கே 1,200 பேரை டாக்டர்கள் சோதித்தார்கள். அதில் வயசுப்பசங்களே 300 பேர். ஒருவருக்குக்கூட பரு இல்லை! 2002-ல் இந்த ஆய்வு வெளியானது. அவர்கள் சாப்பிடுவது கிழங்கு, பழம், மீன், தேங்காய். மைதா, சர்க்கரை பக்கமே போவதில்லை. பரம்பரையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்து தீர்ப்பு சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயது வரையுள்ள 43 ஆண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு சர்க்கரையை சட்டென்று ஏற்றாத சாப்பாடு. இன்னொரு பிரிவினருக்கு வழக்கமான சாப்பாடு. 12 வாரம் கழித்து முதல் பிரிவினருக்கு பரு நன்றாக குறைந்திருந்தது. 2007-ல் வெளியான ஆய்வு இது. அவர்களுக்கு எடையும் குறைந்திருந்தது.

நடப்பது இதுதான். பரோட்டா, பன், கூல்டிரிங்க்ஸ், சர்க்கரை தூக்கலாக போட்ட டீ, இதெல்லாம் ரத்தத்தில் சர்க்கரையை சட்டென்று ஏற்றும். அதை இறக்க இன்சுலின் பொங்கி வரும். அந்த இன்சுலின் எண்ணெய் சுரப்பியையும் தட்டி எழுப்பிவிடும். பால் சத்தில் தயாராகும் புரத பவுடரும் சிலருக்கு இதே வேலையை செய்கிறது. பவுடரை நிறுத்தியதும் முகம் தெளிந்தவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு 5, 6 டீ குடிக்கும் ஆள், ஒவ்வொரு டீக்கும் 2 ஸ்பூன் சர்க்கரை என்றால் 10, 12 ஸ்பூன். அதை பாதியாக்கி 2 மாதம் பார்க்கலாம். காசு செலவே இல்லாத வைத்தியம்.

பெரிய கட்டியாக, வலியோடு, தழும்பு விழும் பரு என்றால் சாப்பாட்டை மாற்றிக்கொண்டு காத்திருக்கக்கூடாது. டாக்டரிடம் போக வேண்டும். கடைக்காரர் தரும் "சிவப்பழகு" கிரீமில் ஸ்டீராய்டு இருந்தால் முதல் வாரம் முகம் பளபளக்கும். அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, பரு இரட்டிப்பாகும். எதை சாப்பிட்டாலும் பிறவி நிறம் மாறாது. குங்குமப்பூ உள்பட.

கழுத்து கருப்பு அழுக்கு இல்லை

குண்டாக இருக்கும் பிள்ளைகளின் பின்கழுத்து கருத்து, வெல்வெட் துணி மாதிரி தடிப்பாக இருக்கும். அக்குளிலும் இருக்கும். "ஒழுங்கா குளிக்கிறியா?" என்று அம்மா நாரை போட்டு தேய்ப்பார். தோல் உரியுமே தவிர கருப்பு போகாது. ஏனென்றால் அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், அளவுக்கு மேல் சுரப்பதன் அடையாளம். சர்க்கரை நோய் வாசல்படியில் நிற்கிறது என்று தோல் அடிக்கும் எச்சரிக்கை மணி.

இதற்கு கிரீம் தேடி அலைவது வீண். இடுப்பு சுற்றளவு குறைந்தால் கழுத்தும் தெளியும். கூல்டிரிங்க்ஸை நிறுத்தி, ராத்திரி பரோட்டாவை வாரம் ஒரு நாளாக்கி, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தாலே மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். ரத்தத்தில் சர்க்கரை அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

குன்னூரில் ஆரம்பித்த கதை

சாப்பாடு கெட்டால் தோல் காட்டிக்கொடுக்கும் என்பதை உலகத்துக்கு சொன்ன ஆராய்ச்சிகளில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. இன்றைக்கு ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ல் நீலகிரி மாவட்டம் குன்னூரில்தான் சின்னதாக ஆரம்பிக்கப்பட்டது. பிற்பாடு அதன் இயக்குனராக இருந்த டாக்டர் சி.கோபாலன் சேலத்தில் பிறந்தவர். 2019-ல், 100 வயதில் காலமானார்.

தக்காண பகுதியில் சோளத்தையே மூன்று வேளையும் சாப்பிடும் ஏழை தொழிலாளர்களுக்கு வெயில் படும் இடங்களில், கழுத்தில் மாலை போட்ட மாதிரி, கைகளில் கையுறை மாதிரி தோல் கருத்து உரிந்தது. வயிற்றுப்போக்கு, புத்தி தடுமாற்றமும் சேர்ந்துகொண்டது. பெலாக்ரா என்ற இந்த நோய் எப்படி வருகிறது என்று கோபாலனும் அவரது குழுவினரும் ஆராய்ந்தார்கள். நியாசின் என்ற வைட்டமின் குறைவுதான் இதற்கு அடிப்படை.

அது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். சாயங்காலம் ஆனால் குடி, சாப்பாடு சரியாக இல்லை என்று வருடக்கணக்கில் ஓட்டுபவர்களிடம் டாக்டர்கள் இதை இன்றும் பார்க்கிறார்கள். "வெயில்ல வேலை செய்றாரு, அதான் கருத்துட்டாரு" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். இரண்டு கையிலும் ஒரே மாதிரி கருத்து உரிந்து, பேதியும் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும். உரிய வைட்டமின் கொடுத்தால் சில நாளிலேயே முன்னேற்றம் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

தோல் சொல்லும் மற்ற சேதிகளும் இருக்கின்றன. உதட்டு ஓரம் வெடித்து, நாக்கு சிவந்து எரிந்தால் பி வைட்டமின்களோ இரும்போ குறைவாக இருக்கலாம். பால், முட்டை, கீரை சேர்க்க வேண்டும். பிள்ளைகளின் முழங்கை, முழங்காலில் தவளை தோல் மாதிரி முள்ளு முள்ளாக இருந்தால் வைட்டமின் ஏ-யும் நல்ல கொழுப்பும் போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். ஈறில் ரத்தம், காயம் ஆறாமல் இழுத்தடிப்பது இரண்டும் சேர்ந்து வந்தால் வைட்டமின் சி-யை நினைக்கலாம்.

ஆனால் பிள்ளைகள் முகத்தில் வெள்ளை வெள்ளையாக திட்டு விழுந்தால் "வயித்துல பூச்சி", "கால்சியம் கம்மி" என்று சொல்வது மட்டும் தப்பு. பெரும்பாலும் அது வறண்ட தோல். தேங்காய் எண்ணெய் தடவினாலே நாளடைவில் மறையும். வெளிறிய தேமலில் கிள்ளினால் வலி தெரியவில்லை என்றால் மட்டும் தாமதிக்கக்கூடாது. தொழுநோய் பரிசோதனை செய்ய வேண்டும். மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், முழுசாக குணமாகும்.

ஓடுவதற்கு முன் என்ன சாப்பிடலாம்?

மறுபடி மைதானத்துக்கு வருவோம். வெறும் வயிற்றில் தினமும் கடுமையாக ஓடுவது வீரம் இல்லை. ராத்திரி 9 மணிக்கு சாப்பிட்டவருக்கு காலை 5 மணிக்கு ஈரலில் இருக்கும் சர்க்கரை இருப்பு பாதி காலி. லேசான ஓட்டத்துக்கு பரவாயில்லை. வேக பயிற்சி நாளில் ஓடுவதற்கு அரை மணி முன்பு ஒரு வாழைப்பழம் போதும்.

ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றுக்கு ஏதாவது போக வேண்டும். அப்போதுதான் களைத்த தசை தேறும். 4 இட்லி, சாம்பார், ஒரு முட்டை. இல்லாவிட்டால் ராத்திரியே ஊறவைத்த சுண்டல். கம்பங்கூழ், கேழ்வரகு கூழ் அருமை. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அது இல்லவே இல்லை என்று சொல்லலாம்.

பழைய சோற்றை கேவலமாக நினைப்பவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் அதில் ஒரே சட்டியில் இருக்கிறது. வேர்த்து விறுவிறுத்த உடம்புக்கு வேறு என்ன வேண்டும்? தொட்டுக்கொள்ள கருவாடோ, கடலை துவையலோ சேர்த்தால் புரதமும் வந்துவிடும். ஆனால் ஒரு சட்டி குடித்துவிட்டு உடனே ஓடினால் விலாவில் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஓட வேண்டும்.

சென்னை வெயிலில் ஒரு மணி நேர பயிற்சிக்கு ஒரு லிட்டர் வேர்வை போவது சர்வசாதாரணம். கூடவே உப்பும் போகிறது. உப்பு போட்ட நீர்மோர் நல்லது. போதுமான தண்ணீர் குடித்தோமா என்று தெரிய சிறுநீரின் நிறம் பார்த்தால் போதும். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சளாகிவிட்டால் பற்றாக்குறை. டின்னில் வரும் எனர்ஜி டிரிங்க் எதுவும் தேவையில்லை. அதில் இருப்பது சர்க்கரையும் காபி சத்தும். நெஞ்சு படபடப்போடு டிராக்கில் நின்றால் 7 நிமிடம் எங்கே முடிப்பது?

தேர்வு அன்று புதுசாக எதையும் சாப்பிட்டு பார்க்கக்கூடாது. வெளியூரில் தேர்வு என்றால் முதல் நாள் ராத்திரி ஓட்டலில் பிரியாணி வெட்டிவிட்டு, மறுநாள் காலை மைதானத்தில் வயிற்றை பிடித்துக்கொண்டு உட்காருபவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம், தெரிந்த தண்ணீர். அவ்வளவே.

ஓட்டம் திடீரென்று குறைந்துபோனவர்கள், மாடி ஏறினாலே மூச்சு வாங்குபவர்கள், முகம் வெளிறியவர்கள் பவுடர் வாங்கும் முன்பு ரத்தத்தை சோதித்துக்கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஹீமோகுளோபின் பரிசோதனை இலவசம். சாப்பிட்டுவிட்டே போகலாம். முடிவை வாங்கி டாக்டரிடம் காட்டினால், மாத்திரை வேண்டுமா, சாப்பாடு போதுமா என்று அவர் சொல்லிவிடுவார். தோல் நோய் பிரிவுக்கு காலை நேரத்தில் போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். பயன்படுத்திய கிரீம், பவுடர் டப்பா, போட்ட ஊசியின் அட்டை எது இருந்தாலும் மறக்காமல் எடுத்துப்போனால் டாக்டருக்கு வேலை சுலபம்.